மதுரை வழித்தடங்களுக்கு ஏற்றது ஜல்லிப் பாதையா, கான்கிரீட் பலகப் பாதையா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மெட்ரோவில் செல்லும்போது, ஜல்லியே இல்லாத கான்கிரீட் தளத்தின் மேல் தண்டவாளம் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். மதுரைச் சந்திப்பிலிருந்து திருமங்கலம் பக்கம் பார்த்தால், மீட்டர் பாதைக் காலத்தில் இருந்த அதே ஜல்லிக் கரையும் ஸ்லீப்பர் கட்டையும் தண்டவாளமும்தான் தென்படுகின்றன. இரட்டைப் பாதை வந்துவிட்டது; 2024 ஆகஸ்ட் 31 முதல் சென்னை–நாகர்கோவில் வந்தே பாரத்தும் மதுரை–பெங்களூரு வந்தே பாரத்தும் ஓடுகின்றன. இந்நிலையில் முக்கிய வழித்தடத்தையும் படிப்படியாகக் கான்கிரீட் பலகப் பாதையாக மாற்றினால் என்ன?

இரண்டாவது கேள்வி, திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோவைப் பற்றியது. அதன் நகர மையப் பகுதி சுரங்கமாக, மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே செல்லும் என்கிறார்கள். அங்கே எந்த வகைப் பாதை அமைத்தால் கோயிலுக்குப் பழுது வராது? தொழில் அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நிரந்தரவழி எழுதியது:

வணக்கம் தம்பி. இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன்.

கண்ணுக்கு அதே அடுக்காகத் தெரிந்தாலும், அதில் இருக்கும் பொருள் ஒவ்வொன்றும் மாறிவிட்டது. மரக்கட்டையும் இரும்புக்கட்டையும் இருந்த இடத்தில், ஒவ்வொன்றும் 270 கிலோவைத் தொடும் முன்தகைவுக் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் கிலோமீட்டருக்கு 1660 வீதம் கிடக்கின்றன. புதிய அகன்ற வகை இன்னும் கனமானது. ஆணி அடித்த இடத்தில் சுருள் கிளிப் தண்டவாளத்தின் பாதத்தை ஒரு டன்னுக்குச் சற்றே முன்பின்னான விசையோடு அழுத்திப் பிடிக்கிறது. 13 மீட்டருக்கு ஓர் இணைப்பு என்றிருந்தது போய், பிலாய் ஆலையிலிருந்து 260 மீட்டர் நீளத்தில் வரும் தண்டவாளங்களைத் தளத்திலேயே பற்றவைத்துப் பல கிலோமீட்டருக்கு ஒரே துண்டாக்குகிறோம். இதைத்தான் எல்.டபிள்யூ.ஆர்., அதாவது நீளப் பற்றவைத்த தண்டவாளம் என்பார்கள்.

ஜல்லியா கான்கிரீட்டா என்ற கேள்வியின் உயிர்நாடி இந்த ஒரே துண்டுத் தண்டவாளத்தில்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் எஃகுத் தண்டவாளத்தைக் கட்டுப்பாடின்றி விட்டால், ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் 11.5 மில்லிமீட்டர் நீளும். எல்.டபிள்யூ.ஆரின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 100 மீட்டர் மட்டுமே அசைகிறது. நடுப்பகுதியைக் கிளிப்பும் ஸ்லீப்பரும் ஜல்லியும் சேர்ந்து அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத எஃகு அந்த வெப்பத்தை அழுத்தமாக உள்ளே தேக்கி வைக்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள வகைத் தண்டவாளத்தில் இது டிகிரிக்கு ஏறத்தாழ 1.9 டன். அழுத்தமே இல்லாத நிலையில் தண்டவாளத்தைப் பிணைத்த வெப்பநிலையை 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தண்டவாளம் 65 டிகிரியைத் தொட்டால், இரு தண்டவாளங்களிலும் சேர்த்து 75 டன்னுக்கு மேல் அழுத்தம் நிற்கும். அந்த விசை பக்கவாட்டில் வெளியேறப் பார்க்கும். அதைத் தடுப்பது ஸ்லீப்பரின் முனையிலும் பக்கத்திலும் நெருங்கிக் கிடக்கும் ஜல்லிதான். ஸ்லீப்பர் முனைக்கு வெளியே உள்ள தோளில் ஜல்லி குறைந்தால் பாதை பாம்பைப் போல் வளைந்துவிடும்.

அதனால்தான் டேம்பிங் இயந்திரம் கொண்டு பாதையைத் தூக்கி ஜல்லியை இறுக்கும் வேலைக்கு வெப்ப வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது: பிணைத்த வெப்பநிலைக்கு மேல் 10 டிகிரியைத் தாண்டினால் ஜல்லியைக் கலைக்கக் கூடாது. 20 டிகிரி தாண்டினால் வெயில் கால ரோந்து போக வேண்டும். மதுரையின் இடர்ப்பாடு இதில்தான் தொடங்குகிறது. பாண்டியன், நெல்லை, முத்துநகர், பொதிகை, கன்னியாகுமரி, அனந்தபுரி என்று சென்னைக்குச் செல்லும் பெரும்பாலான விரைவு வண்டிகள் இரவுப் பயண வண்டிகள். தண்டவாளம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் வண்டி ஓடுகிறது. வண்டிகளுக்கு இடையே பகலில் பிளாக், அதாவது பாதையை மூடி வேலை செய்யும் அனுமதி, கிடைக்கும் நேரத்தில் தண்டவாளம் கொதிக்கிறது. பங்குனி முதல் ஆனி வரை, வேலைக்கு உகந்த நேரம் விடியலுக்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சில மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. கான்கிரீட் பலகப் பாதையில் பக்கவாட்டு வளைவுக்கு இடமில்லை, டேம்பிங்கும் தேவையில்லை. ஆகவே உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அதற்கான விடை தண்டவாளத்தில் இல்லை. அதன் அடியில் உள்ள மண்ணில் இருக்கிறது. கரிசல் நிலத்து நண்பர்கள் யாரேனும் தொடர்ந்தால் நன்று.

கரிசல்காடு எழுதியது:

ஐயா அழைத்ததால் எழுதுகிறேன். மண் பொறியியல் எனது துறை. திருமங்கலம் தாண்டி விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே போகப் போகக் கரிசல் மண் விரிகிறது. மழையில் வீங்கிக் கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிப்பது அந்த மண்ணின் இயல்பு. அதிலுள்ள களிமண் கனிமம் நீரை உறிஞ்சும்போது பருத்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை ஐப்பசி, கார்த்திகையில் எழும்பி, வைகாசியில் தாழும் நிலத்தின் மேல் இருப்புப்பாதை கிடக்கிறது. பாதையைத் தாங்கும் மண் கரையின் மேல் அடுக்கில் நல்ல சரளைப் போர்வை இடுவதும், வடிகால் வெட்டுவதும் இந்த அசைவைக் குறைக்குமே தவிர, முற்றிலும் ஒழிப்பதில்லை.

ஜல்லிப் பாதையில் ஓரிடம் 30 மில்லிமீட்டர் தாழ்ந்தால், இயந்திரம் வந்து தூக்கி ஜல்லியை இறுக்கிவிட்டுப் போய்விடும். அடுத்த ஆண்டு மறுபடி தாழ்ந்தால் மறுபடி தூக்கலாம். பலகப் பாதையில் கிளிப்பின் அடியில் தகடு செருகி உயர்த்தும் வசதி இருந்தாலும், அது ஓரிரு சென்டிமீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நிலம் அசைந்தால் பலகம் விரிசல் காணும் அல்லது தொங்கும். அப்போது கான்கிரீட்டின் அடியில் துளையிட்டுக் கலவை செலுத்த வேண்டும். வண்டிகள் அதுவரை நிற்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் அதிவேகப் பாதையில் கரையையே ஆழத்திலிருந்து பலப்படுத்திக் கட்டலாம். நாள்தோறும் வண்டி ஓடும் ஒரு பழைய கரையைப் பிரித்து அப்படிச் செய்வது வேறு வகையான வேலை.

வெள்ளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஜல்லியும் கரையும் அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதையும், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட வண்டியின் பயணிகள் நூற்றுக்கணக்கில் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டதையும் அனைவரும் அறிவோம். கான்கிரீட்டாக இருந்திருந்தால் நின்றிருக்கும் என்று அப்போது பலர் கூறினார்கள். நான் அதை ஏற்கவில்லை. கரையே போனால் பலகமும் உடைந்து விழும். ஜல்லிப் பாதையைப் போல் மண் கொட்டிச் சில வாரங்களில் அதை மீட்க முடியாது. அங்கே தேவைப்பட்டவை பெரிய நீர்வழிகள். குளத்து நீரும் ஆற்று நீரும் கரையைக் கடந்து போக வழி இருந்திருக்க வேண்டும்.

மாணவன்_திருப்பரங்குன்றம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஜப்பானும் ஜெர்மனியும் அதிவேக வழித்தடங்களில் கான்கிரீட் பலகத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்? வேகம் கூடினால் ஜல்லி தாங்காது என்பது உண்மையா?

நிரந்தரவழி எழுதியது:

தாங்காது என்று பொதுப்படச் சொல்ல முடியாது தம்பி. 2007 ஏப்ரல் 3 அன்று பிரான்சில் மணிக்கு 574.8 கிலோமீட்டர் என்ற சாதனை வேகம் ஜல்லிப் பாதையில்தான் எட்டப்பட்டது. அந்நாட்டின் அதிவேக வழித்தடங்களில் மிகப் பெரும்பகுதி இன்றும் ஜல்லிப் பாதைதான். 1964-ல் திறந்த டோக்கியோ–ஒசாகா ஷிங்கன்சென் அதிவேகப் பாதையும் அவ்வாறே. அங்கே இரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை பயணி வண்டிகளே கிடையாது. அந்த ஆறு மணி நேரம் முழுதும் பராமரிப்புக்கு உரியது. அவ்வளவு நேரம் கொடுத்தும் ஜல்லி நொறுங்கும் வேகத்தையும் ஆட்செலவையும் பார்த்த பிறகே, 1975-ல் ஒகயாமாவுக்கு மேற்கே ஹகட்டா வரை திறந்த பகுதியில் அவர்கள் பெருமளவு பலகத்துக்கு மாறினார்கள். அந்தப் பகுதியில் சுரங்கமும் உயர்பாலமும் மிகுதி என்பதால் அடித்தளம் அசையாது என்ற உறுதியும் இருந்தது. ஜெர்மனியில் 1972-ல் ரெடா என்ற நிலையத்தில் முதலில் அமைத்துப் பார்த்த முறை, அந்த ஊரின் பெயராலேயே இன்று உலகெங்கும் வழங்குகிறது.

நம் நாட்டில் மும்பை–அகமதாபாத் அதிவேகப் பாதையில் ஜப்பானிய முறைப் பலகம் இடுகிறார்கள்: 4.9 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 19 சென்டிமீட்டர் கனம், ஒவ்வொன்றும் 4 டன்னை ஒட்டிய எடை. அந்தப் பாதையும் பெரும்பாலும் தூண்கள் மேல்தான் செல்கிறது. காஷ்மீரில் 11 கிலோமீட்டர் நீளமுள்ள பீர் பஞ்சால் சுரங்கத்துக்குள்ளும் ஜல்லியற்ற பாதைதான். அடித்தளம் பாறையாகவோ தூணாகவோ இருக்கும் இடங்களில் பலகம் வருகிறது என்பதை இவற்றிலிருந்து நீங்களே பிரித்தறியலாம்.

போடிமெட்டு எழுதியது:

எங்கள் போடி வழித்தடத்தைப் பற்றி ஒரு குறிப்பு. 1928-ல் வந்த மீட்டர் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகித் தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும் வண்டி வந்தது. ஆண்டிப்பட்டிக் கணவாயில் பாறையைக் குடைந்து வெட்டிய பகுதியில் அடித்தளம் உறுதியாகத்தான் இருக்கிறது. இருந்தும் அங்கே ஜல்லி போட்டிருப்பது சரியே என்று கருதுகிறேன். நாளைக்குச் சில வண்டிகளே ஓடும் கிளைப் பாதையில் பலகத்துக்குச் செலவிடும் பணத்தை, சுற்று வட்டார நிலையங்களில் எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் கிராசிங் வசதிக்குச் செலவிட்டால் கூடுதல் வண்டிகள் ஓடும். பன்னிரண்டு ஆண்டுகள் வண்டியின்றிக் காத்திருந்த ஊர்க்காரன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

உயர்பாதை எழுதியது:

மெட்ரோ கட்டுமானத்தில் பணியாற்றுகிறேன். இரண்டாவது கேள்வியின் ஒரு பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

மெட்ரோவில் ஜல்லியைத் தவிர்ப்பதற்கு நவீனம் என்ற பெயர் காரணமில்லை. உயர்பாலத்தின் மேல் ஜல்லி போட்டால் அதன் எடைக்கு ஏற்பத் தூணும் உத்திரமும் பருக்க வேண்டும். சுரங்கத்தில் ஜல்லியின் உயரத்துக்கு ஏற்பக் குழாயின் விட்டம் பெருக வேண்டும். இரண்டுமே பெருஞ்செலவு. வண்டியின் அச்சுச் சுமையும், அதாவது ஒரு சக்கர அச்சு பாதையில் இறக்கும் எடையும், குறைவு: அகலப்பாதைச் சரக்கு வண்டிக்கு 22.9 டன் என்றால், மெட்ரோ பெட்டிக்கு 16, 17 டன்தான். இரவு வண்டிகள் நின்ற பிறகு ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் உறுதியாகக் கிடைப்பதால், ஐயா குறிப்பிட்ட நேர இடர்ப்பாடும் இங்கே இல்லை.

ஆனால் மதுரை வெயில் உயர்பாலத்தில் வேறொரு வடிவத்தில் வரும். தண்டவாளம் தொடர்ச்சியானது, அதன் அடியில் உள்ள உத்திரங்களோ தனித்தனியானவை, ஒவ்வொன்றும் பகலில் நீண்டு இரவில் சுருங்கும். உத்திரம் நகரும்போது கிளிப்பின் வழியே தண்டவாளத்தையும் இழுக்கும். இதனால் தண்டவாளத்தில் கூடும் தகைவுக்கு, அதாவது ஓரலகுப் பரப்பில் நிற்கும் விசைக்கு, பன்னாட்டு இரயில்வே ஒன்றியத்தின் 774-3 நெறிமுறை வரம்பு வைத்திருக்கிறது. ஜல்லியற்ற பாதையில் அது சதுர மில்லிமீட்டருக்கு 92 நியூட்டன். நீண்ட உத்திரம் வரும் இடங்களில், அதாவது வைகையையோ பெரிய சந்திப்புகளையோ கடக்கும் இடங்களில், இறுக்கம் குறைந்த கிளிப் போட்டுத் தண்டவாளம் சற்றே வழுக்கிச் செல்ல விடுவதா, தண்டவாளம் நீளவும் சுருங்கவும் இடம்விடும் விரிவிணைப்பு வைப்பதா என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும். தூண் எழுந்த பிறகு கணக்கிட்டால் திருத்த வழியிருக்காது.

பாம்பனை நினைத்துப் பாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி செங்குத்தாக மேலெழ வேண்டும்; ஆகவே அதன் இரு முனைகளிலும் தண்டவாளம் கட்டாயம் துண்டிக்கப்பட்டே இருக்கும். அந்த இடைவெளியைச் சக்கரம் கடக்கும் விதத்தைப் பொறுத்தே அப்பகுதிக்கு வேக வரம்பு அமைகிறது.

மின்னோட்டம் பற்றி ஒரு வரி. கொச்சி, பெங்களூரு மெட்ரோக்களில் மூன்றாம் தண்டவாளம் வழியே 750 வோல்ட் நேர்மின்னோட்டம் வருகிறது. திரும்பும் மின்னோட்டம் கசிந்தால் பலகத்தின் கம்பியையும் பக்கத்துக் குடிநீர்க் குழாயையும் அரிக்கும் என்பதால் தண்டவாளத்தின் மின்காப்பில் மிகுந்த கவனம் வேண்டும். சென்னையைப் போல் மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் எடுத்தால் அந்த அரிப்புக் கவலை வெகுவாகக் குறையும்.

ஆடிவீதி எழுதியது:

நான் பொறியாளர் அல்லள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வளர்ந்தவள். ஆயிரங்கால் மண்டபமும் புதுமண்டபமும் கல்லின் மேல் கல்லாக, எடையின் பிடிப்பிலேயே நிற்பவை. நாள்தோறும் பல நூறு முறை அடியிலோ அருகிலோ வண்டி போனால், அந்தக் கற்கள் மெல்ல மெல்ல இடம்பெயராதா? எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அந்த அச்சத்தை யாரும் முழுதாகப் போக்கியதாகத் தெரியவில்லை.

உயர்பாதை எழுதியது:

அம்மா, அந்த அச்சம் நியாயமானது. அதை அளந்து பார்க்கவும் முடியும். சக்கரமும் தண்டவாளமும் உரசும் இடத்தில் பிறக்கும் அதிர்வு, பலகம், சுரங்கச் சுவர், மண், அடித்தளம் என்று கடந்து கட்டடத்தை அடைகிறது. பழம்பெரும் கட்டடங்களுக்கு ஜெர்மன் நெறிமுறை 4150, அடித்தளத்தில் குறைந்த அதிர்வெண்களில் விநாடிக்கு 3 மில்லிமீட்டர் என்ற திசைவேகத்தை வரம்பாக வைக்கிறது. நன்கு பராமரிக்கப்படும் மெட்ரோ வண்டியின் அதிர்வு பொதுவாக அதற்கு வெகு கீழே இருக்கும். ஆயினும் கோயிலுக்கு அந்த வரம்பே போதுமென்று விட்டுவிடக் கூடாது. இன்னும் கடுமையான வரம்பு வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

வழிமுறைகள் படிப்படியானவை. தண்டவாளத்தின் அடியில் மென்மையான ரப்பர்த் தகடு இடுவது முதல் படி. கொலோன் நகரில் உருவாகி, முட்டை வடிவத்தால் கொலோன் முட்டை என்றே பெயர்பெற்ற ரப்பர்ப் பிணைப்பு அடுத்த படி. அதற்கும் மேலே இருப்பது மிதக்கும் பலகம்: கனமான கான்கிரீட் பலகத்தைச் சுருள்வில்லின் மேலோ ரப்பர்த் தாங்கிகளின் மேலோ நிறுத்தி, சுரங்கத் தரையைத் தொடாமல் பிரித்துவிடுவது. அப்படி நிறுத்திய பலகத்துக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு; தட்டிவிட்டால் அது தானாக விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதே அது. அதைப்போல் 1.41 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை அது வடிகட்டும். இயல்பு அதிர்வெண்ணை ஒட்டியவற்றையோ சற்றுப் பெருக்கிவிடும். எனவே இயல்பு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸா 14 ஹெர்ட்ஸா என்று முடிவுசெய்வதற்கு முன், கோயில் மண்டபங்கள் எந்த அதிர்வெண்ணில் அசைகின்றன என்பதைத் தூண்களில் உணரிகள் வைத்து அளந்திருக்க வேண்டும். அளக்காமல் வாங்கிப் போடும் மிதக்கும் பலகம் கேட்டையே விளைவிக்கக்கூடும்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு வரும் அதிர்வைவிட, சுரங்கம் தோண்டும் ஓராண்டுக் காலத்தில் நிலத்தடி நீர் வடிந்து மண் தாழ்வதுதான் எனக்குப் பெரிய கவலை. வைகையின் வண்டலும் அதன் கீழுள்ள சிதைந்த பாறையும் மாறி மாறி வரும் நிலத்தில் இது கவனத்துக்கு உரியது.

ஆடிவீதி எழுதியது:

தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. அந்த அளவீடுகளைத் திட்டம் தொடங்கும் முன்பே எடுத்து ஊராருக்கு வெளியிட வேண்டும் என்பதைத்தான் நாங்கள் கேட்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறேன்.

உயர்பாதை எழுதியது:

ஆம் அம்மா. இன்றைய நிலையில், போக்குவரத்து மட்டுமே இருக்கும்போது எடுத்த அளவு கையில் இருந்தால்தான் பின்னால் வரும் மாற்றத்தை நிறுவ முடியும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு தண்டவாளத்தின் மேற்பரப்பில் அலையலையான தேய்மானம் ஏற்படும். அதை உரிய காலத்தில் அரைத்துச் சமன்செய்யாவிட்டால் எந்தப் பலகமும் பயன் தராது. இந்த அரைப்பு அட்டவணையையும் கேட்டுப் பெறுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக விளக்கியதற்கு அனைவருக்கும் நன்றி. நிரந்தரவழி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். முக்கிய வழித்தடம் முழுவதும் பலகம் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். குறிப்பிட்ட சில இடங்களிலாவது இடலாம் அல்லவா? பயணிகள் சங்கத்தின் சார்பில் ஒரு கோரிக்கை எழுதவிருக்கிறோம். அதில் எதைக் கேட்பது?

நிரந்தரவழி எழுதியது:

நடைமேடைப் பாதைகளில் கான்கிரீட் தளம் நம் பெரிய நிலையங்களில் முன்பிருந்தே உண்டு. கழுவிவிடுவதற்காக வந்தது அது. பெட்டிக் கழிப்பறைகளின் கழிவு நேரே விழுந்த காலத்தில் அங்கே தண்டவாளத்தின் பாதமும் கிளிப்பும் அரித்துப்போனதை நாங்கள் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறோம். பயோ கழிப்பறைகள் வந்த பிறகு அந்தத் தொல்லை பெரிதும் தணிந்திருக்கிறது. ஆகவே நடைமேடைப் பாதைகளில் புதிய வகைப் பிணைப்போடு பலகம் இடுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பலகம் முடிந்து ஜல்லி தொடங்கும் அந்த எல்லையில் கவனம் வேண்டும். கெட்டியான தளத்திலிருந்து இளகிய தளத்துக்குச் சக்கரம் இறங்கும்போது அதே இடத்தில் அடி விழுந்து விழுந்து ஜல்லி தூளாகும்; பாலங்களின் இரு முனைகளிலும் இதே நிலைதான். வண்டி பாலத்தில் ஏறும்போது நீங்கள் உணரும் அந்த ஒரு குலுக்கலுக்குக் காரணம் இதுவே. படிப்படியாக இறுக்கம் மாறும் இடைப்பகுதி ஒன்றைக் கட்டாமல் பலகத்தை மட்டும் இட்டால், பராமரிப்பு வேலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுமே தவிரக் குறையாது.

கோரிக்கையில் மூன்று செய்திகளை எழுதச் சொல்வேன். முதலாவது, கோடை மாதங்களில் அதிகாலையில் உறுதியான பிளாக் நேரம். கால அட்டவணையிலேயே அதை அச்சிட்டு, இரவு வண்டிகளில் ஓரிரண்டின் நேரத்தைச் சிறிது மாற்றியாவது ஒதுக்க வேண்டும். பயணிகள் சங்கமே முன்வந்து, எங்கள் வண்டி இருபது நிமிடம் தாமதமாக மதுரை வந்தாலும் ஏற்போம் என்று எழுதினால், அதற்கு அலுவலகத்தில் மிகுந்த மதிப்பு இருக்கும். இதுவரை யாரும் அப்படி எழுதி நான் கண்டதில்லை. இரண்டாவது, கரிசல் பகுதியில் ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் தூசு நீக்கும் வேலையைக் காலந்தவறாமல் செய்வது. சேறு ஏறிய ஜல்லி நீரை வடிய விடாது. நீர் நின்றால் கரிசல் வீங்கும். 65 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட கூரான கல்லாக இருந்தால்தான் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் என்பதால், குவாரியிலிருந்து வரும் கல்லின் தரச் சோதனை முடிவுகளையும் கேட்கலாம். மூன்றாவது, பாலங்களின் இரு முனைகளிலும் இறுக்கம் மாறும் இடைப்பகுதி அமைப்பது. திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் இடையிலுள்ள பாலங்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கரிசலும் பாலமும் அடுத்தடுத்து வரும் பகுதி அது.

கரிசல்காடு எழுதியது:

ஐயாவின் இரண்டாவது செய்தியோடு கரையோர வடிகாலையும் சேர்த்து எழுதுங்கள். ஜல்லியைச் சலித்துவிட்டு வடிகாலை விட்டுவிட்டால் அடுத்த கார்த்திகைக்குள் சேறு மீண்டும் ஏறிவிடும். கோரிக்கையின் வரைவை இந்த இழையிலேயே இடுங்கள். மண் பற்றிய பகுதியை நான் திருத்தித் தருகிறேன்.